கலாநிதிப் பட்டமும் மிச்ச மிளகும்

சென்ற மாதம் மூன்றாவது சனிக்கிழமை. காலை 9.40. யட்டவத்தையில் சோமா அக்கா வீட்டு வாசலில், ஒரு சாக்கு மிளகோடு நின்றேன். பதினொரு கிலோ முந்நூறு கிராம். சாக்கின் வாயில் நூலால் கட்டிய துண்டுச் சீட்டில் எடையை எழுதியிருந்தேன். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

"அக்கா, நீங்க தந்ததில இவ்வளவு மிச்சம். எனக்குத் தேவைப்பட்டது போதும்" என்றேன்.

பாராட்டுவார், உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ தருவார் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்கைப் பார்த்தார். சீட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை...

இருங்கள். மிளகுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பௌத்தத் தத்துவத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறேன். வயது ஐம்பத்தொன்று. தலைப்பு: கொடை. 'கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை, பெறுபவர் என்று ஒருவர் இல்லை, கொடுத்த பொருளும் வெறுமையே' என்று பழைய பௌத்த ஆசிரியர்கள் சொன்னதை நானூற்றுச் சொச்சம் பக்கங்களில் நிறுவ வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற தமிழ் டீச்சருக்கு இந்த வேலை எதற்கு? மாமியார் கேட்டார். அதிபர் கேட்டார். உக்குவளை பஸ்ஸில் கண்டக்டர்கூடக் கேட்டார்.

புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். 'உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதுக' என்றது படிவம். நான் என்று ஒன்று கிடையாது என்பதை ஆராயப் பணம் கேட்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் எழுதினேன். 498 சொற்கள். வயது எல்லை தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. தத்துவப்படி, நேற்று இருந்தவள் இன்று இல்லை, ஒவ்வொரு கணமும் புதியவள். புலமைப்பரிசில் கந்தோரில் அதைச் சொன்னால் எடுபடுமா?

கடைசி வருடத்துக்குச் சம்பளமில்லா லீவு எடுத்தேன். தோட்டத்தில் கிளாக்கராக இருக்கும் என் கணவரின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஆய்வு ஓடவில்லை.

அப்போதுதான் எனக்குப் பாளி சொல்லித்தரும் புத்த பிக்குவான தேரர் கைகொடுத்தார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுத்தே நம் தமிழைக் கற்றுக்கொண்டவர். அவருடைய விகாரையில், பிக்குகளின் மதிய உணவுக்குத் தானப் பட்டியல் ஒன்று உண்டு. இந்தத் தேதிக்கு இந்த வீடு என்று வருடம் முழுவதற்கும் எழுதி வைத்திருப்பார்கள். சமைத்துக் கொண்டுவந்து கொடுத்து, சேர்ந்த புண்ணியத்தை இறந்த உறவுகளுக்குச் சமர்ப்பித்துவிட்டுப் போவார்கள். தானம் கொடுக்கிற வீட்டுக்காரர்களின் தாயக சபைக் கூட்டத்தில் தேரர் எழுந்து, "தர்மத்தைப் பத்தி எழுதுறவங்களும் சாப்பிடணுமே... டீச்சரையும் பட்டியல்ல போடுங்க" என்றிருக்கிறார்.

போட்டுவிட்டார்கள்! மூன்று மாதத்துக்கு ஒரு வீடு. பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். மசாலா விளைகிற மாத்தளையில் பொருள் என்றால் என்ன? முதல் வீடு கராம்பு. இரண்டாம் வீடு பாக்கு. மூன்றாவது சோமா அக்கா, மிளகு. வாங்கியதை உக்குவளையில் மசாலாச் சரக்கு எடுக்கும் ஹாஜியார் கடையில் விற்று, பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டுவேன்.

"வாங்க டீச்சர், ஒங்கட கலாநிதி இப்ப எத்தின கிலோல நிக்கிது?" என்பார் ஹாஜியார், தராசைத் துடைத்துக்கொண்டே.

என் கணவர் இன்னும் மோசம். "ஊருல எல்லாரும் மிளகு வித்து வீடு கட்டுறாங்க. நீ மிளகு வித்து 'நான் இல்ல'ன்னு நிரூபிக்கிற."

ஒரு நிபந்தனை இருந்தது. பௌர்ணமிப் போயா தினத்தில் விகாரைக்குப் போய், அதுவரை என்ன எழுதினேன் என்று கொடுத்தவர்களுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். பேராசிரியர் பக்க ஓரத்தில் 'தொடர்க' என்று எழுதி அனுப்பிவிடுவார். இவர்கள் விடுவார்களா? "போன போயாவுக்கும் இதத்தானே சொன்னீங்க?" என்று ஒரு பாக்குக்காரர் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று இரவே இரண்டாம் அத்தியாயத்தை முடித்தேன்.

சரி, வாசலில் நின்ற என்னிடம் வருவோம்.

சோமா அக்கா தந்தது முப்பத்துநான்கு கிலோ. அந்தத் தவணைக் கட்டணத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போதுமாக இருந்தது. மிச்சத்தை வைத்துக்கொள்வது முறையா? முறையில்லை என்று முடிவு செய்து திருப்பிக் கொண்டுபோனேன். எவ்வளவு நேர்மை!

அக்கா சிங்களத்தில்தான் பேசுவார். தமிழில் சொன்னால் இப்படி:

"டீச்சர், இது எங்க வீட்டு மனுசன் நட்ட கொடி. அவரு போயி ரெண்டு வருசம். அவரு பேருல புண்ணியம் சேரட்டும்னு தந்தேன். தந்து, சமர்ப்பிச்சும் முடிச்சிட்டேன். இப்ப மூணுல ஒரு பங்கத் திருப்பிக் கொண்டாந்து நிக்கிறீங்க. அவரு இப்ப எங்க நிப்பாரு? பாதி வழியிலயா?"

சாக்கை வாசலிலேயே வைத்துவிட்டு 10.15 பஸ்ஸைப் பிடித்தேன்.

செய்தி எனக்கு முன்னால் விகாரைக்குப் போய்விட்டது. 'டீச்சருக்கு நம்ம தானம் ஆகல்லயாம்' என்றார்கள் சிலர். 'டீச்சர்கிட்ட மிஞ்சிக் கெடக்காம்' என்றார்கள் பலர். அடுத்த வாரம் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் கோபப்பட்டுப் பெயரை வெட்டவில்லை. தேவையில்லாதவருக்கு எதற்குத் தானம்? நியாயமான கேள்விதானே.

மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பரீட்சகர் கட்டணம் என்று ஒன்று தனியாக உண்டாம். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீடித்து வாங்கியாயிற்று, மூன்றாம் முறை கிடையாது. ஹாஜியாரிடம் அன்றைய மிளகு விலையைக் கேட்டு வகுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பதினொரு கிலோ.

சிரிக்காதீர்கள். ஆறு வருட உழைப்பு.

தேரரிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்களுக்கு யாராவது சோறு போட்டா, வயிறு நெறஞ்சதும் மிச்சத்தக் கட்டி அவங்க வீட்டுக்கே அனுப்புவோமா, டீச்சர்?" என்றார்.

"நா எப்படி மறுபடி போயி கேக்கிறது?"

"கேக்காதீங்க. நாங்களும் கேக்கிறதில்ல. பாத்திரத்தோட போயி வாசல்ல நிப்போம். அவ்வளவுதான்."

சொல்வது சுலபம். இருபத்தாறு வருடம் வகுப்பறையில் நின்று கொடுத்தே பழகியவள் நான். பாடம் கொடுப்பேன், புள்ளி கொடுப்பேன், புத்திமதி கேட்காமலே கொடுப்பேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்குகிறோம். கையில் ஐந்து ரூபாயைத் திணித்து உண்டியலுக்கு அனுப்புகிறோம். வாங்குவதற்கு யாராவது பழக்குகிறார்களா? மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது நேர்மையால்தானா என்று அன்றைக்கு யோசித்தேன். கடன்பட்டவளாக ஒரு நாள்கூட இருக்க முடியாத திமிர் என்பதுதான் சரியாக இருக்கும்.

போன சனிக்கிழமை மறுபடி யட்டவத்தை. வெறும் சாக்கோடு வாசலில் நின்றேன். நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "பஸ் இங்க நிக்காது டீச்சர்" என்றாள். நான் நகரவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சோமா அக்கா வெளியே வந்து, சாக்கைப் பார்த்தார்.

"நீங்க எழுதுற புத்தகத்தில என்ன இருக்கு? போயாவுக்குச் சொன்னீங்களே, இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். கொடுப்பவர் இல்லை. பெறுபவர் இல்லை. கொடுத்த பொருளும் வெறுமை.

"அப்ப, போன மாசம் மிளகத் திருப்பிக் கொண்டாந்தது யாரு?"

எந்தப் பரீட்சகரும் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்கப் போவதில்லை.

"தெரியல அக்கா."

"தெரியாமயா இத்தன வருசமா எழுதுறீங்க?" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் கண்ணீரோடு. "சரி. அந்தப் பொம்பளய அங்கயே நிக்க விட்டுட்டு, நீங்க உள்ள வாங்க."

உள்ளே போனேன். நான் விட்டுவிட்டு வந்த சாக்கு, கட்டு அவிழாமல், அவர் கணவரின் படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. அக்கா என் சீட்டைப் பிய்த்துப் போட்டார். மேலும் நாலு சுண்டு மிளகை அளந்து கொட்டினார். இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் படத்தைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார். மனுசன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அக்காவின் குரல்: "இந்த முறையும் மிஞ்சினா, நீங்க தமிழாளுங்க வைப்பீங்களே ரசம், அத வச்சுக் குடிங்க!"

திங்கட்கிழமை கட்டணம் கட்டியாயிற்று. ஐந்து நாளாக எங்கள் வீட்டில் மிஞ்சிய மிளகில் மூன்று வேளையும் ரசம். என் கணவருக்கு மட்டும் இன்னும் ஞானம் பிறக்கவில்லை... தும்மல்தான் வருகிறது.