நான்கு பேருக்கான மோட்டார்

மனைவி மகளோடு இருக்க வெளிநாடு போன பிறகு, அடையாறு வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. கொட்டிவாக்கத்தில் விலைக்கு வந்த பழைய அலுமினிய மீன்பிடிப் படகை வாங்கினேன். அதற்கு மோட்டார் வேண்டும்.

"எத்தினி பேர் போவீங்க சார்?" என்று கேட்டார் மோட்டார் கடைக்காரர்.

தனியாகத்தான் என்று சொல்ல என்னவோ போலிருந்தது. "நாலு பேர்" என்றேன்.

"அப்போ பதினஞ்சு குதிரைசக்தி எடுத்துக்கோங்க."

வெள்ளோட்டத்தன்று அவர் கரையில் நின்றார். நான் பின்னால் உட்கார்ந்து வேகம் கூட்டியதும் படகின் மூக்கு மேலே எழும்பியது. எதிரே கடலே தெரியவில்லை. பயந்து திரும்பினேன்.

"முன்னாடி ஆளில்ல, அதான் தூக்கினு கீது. நாளைக்கு யாரையாவது கூட்டினு வாங்க."

அன்று மாலை கைப்பேசியில் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்குப் போய், "நான் மட்டும்தாங்க" என்றேன். அவர் பெரிய மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எடை குறைந்த எட்டு குதிரைசக்தி மோட்டாரை மாட்டிக் கொடுத்தார்.

படகு மட்டமாக, மெதுவாகப் போனது. அலைகளைத் தாண்டியதும், "காத்து நல்லாருக்கு, இல்ல?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். முன்பலகையில் என் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.