தபால்காரனுக்கு ஒரு கிளாஸ்

காஷ்பர் என் வீட்டுக்காரர் மார்யானின் தம்பி. முப்பத்தொரு வருஷமாக எங்கள் ஊருக்குத் தபால்காரன். எங்கள் ஸ்லவோனியாப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவனுக்கு ஒரு சின்ன கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றாவிட்டால் வீட்டுக்காரிக்கு மரியாதை இல்லை. வேண்டாம் என்று சொன்னால் வந்தவனுக்கு மரியாதை இல்லை. ஊரில் எண்பது வீடு. எல்லா வாசலுக்கும் அவன் போயாக வேண்டும். அவன் போகும் வழியில் முதல் வீடு என்னுடையது.

முதலில் மதியத்துக்கு மேல் சைக்கிளை ஓட்ட முடியாமல் தள்ளிக்கொண்டு நடந்தான். சில வருஷத்தில் சைக்கிள் இல்லாமல் நிற்கவே முடியவில்லை. ஒரு குளிர்காலத்தில் தபால் பையோடு வாய்க்காலில் விழுந்தான். கடிதமெல்லாம் தண்ணீரில் மிதந்தது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் மனைவி யெலா சிரிக்கவில்லை. ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள்.

போன வருஷம் அவன் கண் மஞ்சளாகிவிட்டது. குடியை விடாவிட்டால் அண்ணன் போன வழிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்யான் ஈரல் வீங்கித்தான் செத்தார். குடியை விட்டவர்கள் கூடும் சங்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, தீயணைப்புக் கூடத்தின் மாடியில். ஆனால் அந்தப் படிக்கட்டு கடைக்கு நேர் எதிரே. யார் ஏறினாலும் ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் காஷ்பர் டவுனில் வேறொரு சங்கத்தை விசாரித்துக் கண்டுபிடித்தான். ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நீங்களும் வரணும்."

"நான் எதுக்குடா? குடிச்சவன் நீ."

"வீட்டு ஆளு ஒருத்தரு வாராவாரம் கூட வந்தாத்தான் சேத்துப்பாங்களாம். யெலா ஃபோனையே எடுக்க மாட்டேங்குறா. உங்கள விட்டா எனக்கு யாரு?"

"ஊருக்குத் தெரிஞ்சா?"

"பல்லு பிடுங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

"எனக்கு ஏதுடா பல்லு?"

ஆனாலும் புதன்கிழமை கிளம்பினேன். யார் இடத்துக்கும் வெறுங்கையோடு போய் எனக்குப் பழக்கமில்லை. இருந்ததில் நல்ல பாட்டிலாகப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். எங்கே போகிறோம் என்று தெரியாமல் இல்லை. கை வைத்துவிட்டது, தலையைக் கேட்கவில்லை.

வட்டமாக நாற்காலி, பத்துப் பன்னிரண்டு பேர், காபி, கேக். நடத்துகிறவள் செச்சிலியா என்ற பழைய நர்ஸ். ஒவ்வொருவரும் எழுந்து பேரையும் எத்தனை நாள் குடிக்கவில்லை என்பதையும் சொன்னார்கள். கூட வந்தவர் வீட்டில் பார்த்ததைச் சொன்னார்.

"காஷ்பர். பதினோரு நாள்," என்றான். அறுபது வயசுக்காரன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி விறைத்து நின்றான்.

அடுத்தது நான். எழுந்தேன், மாண்டா என்று பேரைச் சொன்னேன், செய்தித்தாளைப் பிரித்தேன், பாட்டிலை மேசையில் வைத்தேன். "எங்க வீட்டுச் சரக்கு. மூணு வருஷப் பழசு. எல்லாரும் எடுத்துக்குங்க."

ஒரு குண்டு மனிதன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவன் பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. பாட்டிலைப் பார்த்து எச்சில் விழுங்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். காஷ்பர் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்தான்.

"உக்காருங்க மாண்டாம்மா," என்றாள் செச்சிலியா. "இங்க உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காஷ்பருக்குக் காலையில முதல் கிளாஸ் யாரு ஊத்துனது?"

"ஊரே ஊத்துச்சு!"

"முதல் கிளாஸ்?"

"நான்தான்," என்றேன். "ஏழரை மணிக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. மார்யான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருமல் மருந்து பாட்டிலில் சாராயம் ஊற்றிப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "கேட்டாரு, குடுத்தேன். புருஷனுக்குச் செய்யற மரியாதைன்னு நெனச்சேன்." எட்டு வருஷமாகப் பாதிரியாரிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாதவர்களிடம் கொட்டிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கச் சொன்னார்கள். அவசரமாகக் கவிழ்த்ததில் பாதி என் பைமேலும் கோட்டுமேலும் கொட்டியது.

பஸ் நிறுத்தத்தில் காஷ்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே நான் வரல அண்ணி. இந்த அசிங்கம் போதும்." நான்தான் அவனைக் கெடுத்தேன், இப்போது பிழைக்கிற வழியையும் அடைத்துவிட்டேன்.

பஸ்ஸில் எங்கள் ஊர்க் கடைக்காரி ரூஷா இருந்தாள். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். "என்ன தபால்காரரே, டவுன்ல மழையோ? உள்ளயும் வெளியயும் நனைஞ்சு வர்றீங்க!"

எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பதினோரு நாள் குடிக்காதவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரையே திட்டுகிற என் வாய் இரண்டு நிறுத்தம் வரைக்கும் திறக்கவில்லை. வெட்கம். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூக்கை இந்தப் பக்கம் திருப்பு ரூஷா. நாறுறது நான். அவன் குடிய விடுற சங்கத்துக்குப் போயிட்டு வர்றான். அங்க சாராயம் கொண்டுபோன கழுதை நான்தான். சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரி."

சிரித்தார்கள். டிரைவர்கூடச் சிரித்தான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் இறங்கி நடந்தோம். என் வீட்டு வாசலில் காஷ்பர் நின்றான்.

"புதன்கிழமை அந்தப் பையை எடுத்துட்டு வராதீங்க அண்ணி."

"வேற பை இல்லையேடா."

"வெறுங்கையோட வாங்க."