முதலில் வந்தவளின் பெயரில்

1. வராத மாதத்து உற்பத்தி

ஓசூரில் பைக்குகளுக்கு வயர் ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு, செய்து தரும் ஒரு கம்பெனியில் எம்ஐஎஸ் பிரிவில் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். எம்ஐஎஸ் என்றதும் பெரிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். லைனில் நடப்பதெல்லாம் டேட்டாபேஸில் பதிவாகும். குவெரி என்ற கட்டளை எழுதி அதை எடுத்து, சார்ட்டாகப் போட்டு, காலை எட்டரை மீட்டிங்குக்கு முன்னால் மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதற்கு வைத்த பெயர் "பொம்மை போடுற வேலை".

முதல் நாள் நான் போட்ட சார்ட்டில் இன்னும் பிறக்காத மாதங்களில் கம்பெனி உற்பத்தி செய்திருந்தது. தேதிக்கான கட்டத்தில், எங்கள் பாஷையில் ஃபீல்டில், பாதிப் பேர் நாளை முன்னால் போட்டிருந்தார்கள், பாதிப் பேர் மாதத்தை. குவாலிட்டி மேனேஜர் பிரபாகர் சார் கோயம்புத்தூர்க்காரர். திட்டவில்லை. "ஏனுங்கம்மா, நவம்பர்ல செய்யப்போற பீஸ ஜூலையிலயே அனுப்பிட்டமுங்களா?" என்று மட்டும் கேட்டார். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அன்றிலிருந்து ஃபீல்ட் எரர் பிடிப்பதே எனக்குப் பைத்தியமாகிவிட்டது. பார்ட் நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பேஸ், ஆள் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யம் விழுந்துபோய் பெயரோடு சேராத வரிகள், காரணம் கேட்ட இடத்தில் "மற்றவை" என்று தள்ளிவிட்ட சோம்பேறித்தனம் எல்லாவற்றையும் பேன் பார்ப்பது போல உட்கார்ந்து எடுத்தேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

ஒரே ஒரு ஃபீல்ட்தான் எனக்கு வேலையே வைக்கவில்லை. ஆபரேட்டர் எண். லைன் முனையில் இருந்த டச் ஸ்கிரீனில் யார் லாகினில் இருக்கிறார்களோ அவர்களுடைய எண், பீஸ் ரிஜெக்ட் ஆகும்போது தானாக விழும். ஸ்கிரீன் வந்த பிறகான இரண்டு வருட டேட்டாவில் காலி வரி ஒன்று கூடக் கிடையாது. அதை நான் சந்தேகப்படவே இல்லை.

2. உயரமான கோடு

ஒரு தடவை கனெக்டர் லூசாக இருக்கிறது என்று கஸ்டமர் ஒரு லோடையே திருப்பி அனுப்பினான். காரணம் என்ன, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டான். பிரபாகர் சார் மூன்றாவது லைனின் ரிஜெக்‌ஷனை ஆள் வாரியாகப் போடச் சொன்னார். குவெரி அரை மணி நேரத்தில் முடிந்தது. லைனில் ஆறு பெண்கள். ஐந்து பேரின் கோடு தரையோடு கிடந்தது, ஒருத்தியின் கோடு மட்டும் மேலே போய் முட்டியது. அதற்குச் சிவப்பு கலர் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

அந்தப் பெயர் கோவிந்தம்மா. கிருஷ்ணகிரியைத் தாண்டி நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். ஏழு வருடம் கான்ட்ராக்டில் இருந்தவள். அந்த வருடம் ஆன்ரோல் ஆகும் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. கான்ட்ராக்டில் இருப்பவளிடம் கான்ட்ராக்டர் எந்தச் சாயங்காலமும் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லலாம். ஆன்ரோல் ஆகிவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் அங்கே ஏழெட்டு வருடம் காத்திருப்பார்கள். அவள் ஊரெல்லாம் சொல்லியும் விட்டிருந்தாள்.

சார்ட்டைத் திரையில் போட்டபோது பிரபாகர் சார் பெருமூச்சு விட்டார். "உப்பத் தின்னவங்க தண்ணி குடிச்சுத்தானுங்க ஆகணும்" என்றார். லிஸ்டிலிருந்து அவள் பெயர் போயிற்று. மாதக் கடைசியோடு அனுப்பிவிடுமாறு கான்ட்ராக்டருக்குச் சொன்னார்கள். கஸ்டமருக்குப் போன படிவத்தில், காரணம் ஆபரேட்டர் கவனக்குறைவு, நடவடிக்கை ஆபரேட்டர் நீக்கம் என்று இருந்தது. அதோடு இணைத்த சார்ட்டுக்குக் கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கஸ்டமர் ஒப்புக்கொண்டு விஷயத்தை க்ளோஸ் செய்தான்.

3. ஒரே நிமிடத்தில் இரண்டு இடம்

அடுத்த வாரம் நேர ஃபீல்டில் வேறு ஏதோ எரர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே நிமிடத்தில் கோவிந்தம்மா பெயரில், வயர் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங்கில் ஒரு ரிஜெக்ட், லைனின் அந்தக் கோடியில் டெஸ்ட் போர்டில் ஒரு ரிஜெக்ட். இன்னொரு நாளும் அப்படியே. ஒரு மனுஷி இரண்டு இடத்தில் எப்படி இருப்பாள்?

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆறு மணி ஷிப்டுக்கு அரை மணி முன்னாலேயே போய் லைன் ஓரமாக நின்றேன். பத்து வருடத்தில் ஷிப்ட் தொடங்குவதை நான் பார்த்தது அன்றுதான். ஐந்தே முக்காலுக்குக் கிருஷ்ணகிரி பஸ் வந்தது. கோவிந்தம்மா வந்தாள். டேபிளைத் துடைத்தாள், டெஸ்ட் போர்டை ஆன் செய்தாள், ஸ்கிரீனில் தன் எண்ணை அடித்தாள். மற்ற ஐந்து பேர் ஓசூரிலேயே ரூம் எடுத்திருப்பவர்கள். ஷேர் ஆட்டோவில் சரியாக ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் ஸ்கிரீனைத் தொடவில்லை. ஆள் மாற்றி லாகின் போட்டால் நாலைந்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், லைன் நிற்கும். அதனால் முதலில் வருபவர் போட்ட லாகினிலேயே ஷிப்ட் முழுவதும் ஓடும். ஆறு பேர் கெடுத்த பீஸும் முதலில் வந்தவள் தலையில்.

ஏன் நீயே போடுகிறாய் என்று கேட்டேன்.

"மொதல்ல வர்றவங்கதான் மேடம் லாகின் போட்டுக்கினு லைன ரெடி பண்ணணும், சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. எங்க பஸ்ஸுதான மொதல்ல வருது."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ரிஜெக்‌ஷன் அதிகம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதையும் இதையும் அவள் முடிச்சுப் போடவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

4. கையெழுத்து

பிரபாகர் சாரிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

"நீங்க சொல்றது சரிதானுங்க, இல்லைங்கல. ஆனா கஸ்டமர் க்ளோஸ் பண்ணிட்டானுங்களே. இப்பப் போயி டேட்டா தப்புன்னா ரெண்டு வருசத்துச் சார்ட்டையும் திருப்பிக் கேப்பான். அந்த ஆர்டரே வேற பக்கம் போயிரும். ஒருத்தருக்குப் பதிலா ஆறு பேரும் போவாங்க."

பிறகு அந்தப் படிவத்தோடு இருந்த சார்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். மிரட்டவில்லை. என் கையெழுத்து தெரிகிற மாதிரி வைத்தார், அவ்வளவுதான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஆறு பேரை நினைத்து வந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது, பயந்தேன். ஃபீல்டை மட்டும் சரி செய்தேன். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் அவரவர் கார்டைக் காட்ட வேண்டும் என்று ஐடிக்காரர்களிடம் மாற்றச் சொன்னேன். அரை நாளில் முடிந்தது. இரண்டு வருடமாக யாரும் செய்யாத அரை நாள் வேலை.

கடைசி நாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே கோவிந்தம்மா பஸ்ஸுக்கு நின்றாள். மனசு கேட்காமல் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப நான் லேட்டா வந்திருந்தா வேல இருந்திருக்கும், இல்ல மேடம்?"

பஸ் திரும்பும்போது இன்னொன்று கேட்டாள்.

"இத நான் சொன்னா ஊட்டுல யாரும் நம்ப மாட்டாங்க. வேல தெரியலன்னு தொரத்திட்டாங்கன்னுதான் பேசிக்கினு இருக்காங்க. எம்மேல தப்பு இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர்றீங்களா?"

பையில் பேனாவும் நோட்டும் இருந்தன. எழுதித் தரவில்லை. நாளைக்கு அது யார் கைக்குப் போகுமோ என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல மேடம்" என்று ஏறிப் போனாள்.

5. தாமதச் சார்ட்

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். காலி ஃபீல்ட் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். நிரம்பியிருக்கிற ஃபீல்டுக்குத்தான் பயப்பட வேண்டும். அதை நிரப்புவது யார் கை என்று முதலில் லைனில் போய் நின்று பாருங்கள். ஆளின் பெயரைக் கோட்டுக்குக் கீழே எழுதுவதற்கு முன்னால் பாருங்கள். நான் பின்னால் பார்த்தேன். பின்னால் பார்த்ததால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதன் பிறகு மூன்றாவது லைனில் யாரும் முதலில் உள்ளே வரவில்லை. சீக்கிரம் வந்தவர்களும் கேன்டீனிலேயே நின்றுகொண்டு இன்னொருத்தி போகட்டும் என்று பார்த்தார்கள். முதலில் லாகின் போட்டால் வேலை போய்விடும் என்று பேச்சு பரவியிருந்தது. சரி செய்துவிட்டோம் என்று நானே போய்ச் சொன்னேன். நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை.

லைன் தினமும் கால் மணி தாமதமாகத் தொடங்கியது. பிரபாகர் சார் இதற்கும் ஆள் வாரியாக ஒரு சார்ட் கேட்டார். கேட்டில் கார்டு தட்டும் நேரம் பதிவாகும் பஞ்ச் டேபிளிலிருந்து இரண்டு வருடத்துக்கு யார் யார் எத்தனை நாள் தாமதம் என்று எடுத்தேன். எல்லாப் பெயருக்கும் மேலே சின்னதோ பெரியதோ ஒரு கோடு இருந்தது. ஒரு பெயருக்கு மேலே மட்டும் ஒன்றுமே இல்லை. அவள் ஒரு நாள் கூடத் தாமதமாக வந்ததில்லை. கோவிந்தம்மா.

பிரபாகர் சார் அந்த வெற்றிடத்தைப் பேனாவால் தொட்டார். "போன ஆளு பேரு எதுக்குங்கம்மா, எடுத்துருங்க" என்றார். அவள் எண்ணை விலக்க, குவெரியில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன்.