ஊற்றுக்காரியின் மகள்

கடையில் எல்லோரும் அவரை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகத்துக்காக வைத்த பெயர் இல்லை. பல் டாக்டருக்கு ஒரு விளம்பரப் பலகை வடிவமைக்கச் சொன்னால், மத்தியானம்வரை கம்ப்யூட்டரில் அந்தப் பல்லின் ஓரத்தையே மெருகேற்றிக்கொண்டிருப்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ராக்கெட் செய்த பலகையைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவர் யாருமில்லை என்பதால் வேலை பிழைத்தது.

இந்த மனுஷன்தான் லட்சக்கணக்கானவர்கள் வாராவாரம் கைப்பேசியில் படிக்கும் சித்திரத் தொடரை வரைகிறவர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். தொடரில் ஒரு கனவு ஊர். கதை வறண்டுபோன எழுத்தாளர்கள், மெட்டு சிக்காத பாட்டுக்காரர்கள், வெள்ளைத் தாளைக் கண்டாலே எழுந்து ஓடும் ஓவியர்கள் எல்லோரும் தூங்கிப்போய் அங்கே வந்து சேர்வார்கள். அங்கே ஊற்றுக்காரி என்று ஒருத்தி. அவள் ஒரு கை தண்ணீர் கொடுத்துவிட்டால் விழித்ததும் வேலை கடகடவென்று ஓடும். இப்படியொரு கற்பனை எங்கிருந்து வருகிறது என்று வாசகர்கள் மாய்ந்து மாய்ந்து கேட்டார்கள்.

கற்பனையாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் அவர் மனைவியின் கனவு. ஊற்றுக்காரியும் அவளேதான். காலையில் அவள் டீ டம்ளரோடு சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு சொல்வாள். இவர் முகம் கழுவிய ஈரம் காயாமல் உட்கார்ந்து கிறுக்குவார்.

அது தொடங்கியது பாப்பா போன பிறகு. ஒரே பெண். மூன்று வயதில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதன் பின் மனைவிக்குத் தினமும் ஒரே கனவு. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, கதவு திறக்கவில்லை. தூங்கவே பயந்தாள். ராக்கெட்டுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வரையத்தான் தெரியும். அந்த வீட்டை வரைந்தார், ஜன்னலோரம் ஒரு பச்சைப் படகையும் போட்டார்.

மறுநாள் அவள், "படகு வந்துச்சுங்க. நீங்க போட்ட அதே பச்சை. நான் ஏறிட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவர் எதை எப்படி வரைகிறாரோ, அவளுக்குக் கனவு அப்படியே வந்தது. மருந்து கிடைத்துவிட்டதென்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. போகப் போக அவள் தூக்கம் முழுக்க அவருடைய படமாகவே ஆகிவிட்டது. "நேத்து ஒருத்தர் பேசினாரு, சத்தமே இல்ல. தலைக்கு மேல வட்டம் போட்டு எழுத்து வந்துச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

ஒரே ஒரு கனவை மட்டும் அவள் கொடுக்கவில்லை. அதில் பாப்பா வருவாள். அதுவும் மூன்று வயதுப் பாப்பா அல்ல. வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, இப்போது அம்மாவின் தோள் உயரம்.

"யாரு ஜாடை? அதையாவது சொல்லேன்" என்று கெஞ்சுவார்.

"அதை மட்டும் கேக்காதீங்க. அது வரையறதுக்கு இல்ல."

பாப்பா வந்துபோன காலைகளில் அவள் முகமே தனி. பெற்ற பெண்ணை அவள் மட்டும் பார்க்கிறாள், தனக்கு அலமாரியில் இருக்கும் பழைய போட்டோதான். ராக்கெட்டுக்குப் பொறாமையாக இருந்தது.

தொடரை வெளியிடும் கம்பெனியில் ஒரு பெண் பொறுப்பாளர். ஒருநாள் போனில், "சார், ஊற்றுக்காரிக்குன்னு யாராவது இருக்கணும்ல? அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா எப்படி சார் இருக்கும்?" என்றார். பாவம், ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். எல்லாம் தெரிந்த இவரோ சரி என்று தலையாட்டினார்.

மனைவியிடம் சொல்லாமல் ஒரு படம் போட்டார். ஆற்றங்கரையில் ஊற்றுக்காரி. அவளுக்கும் படிப்பவர்களுக்கும் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். முகத்தை வரையாவிட்டால் மகளை வரைந்ததாக ஆகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். என்ன புத்தியோ! மகளைப் பார்க்கும் ஆசை பாதி, பேர் வாங்கும் ஆசை மீதி. படம் வெளியானதும் வாசகர்கள் துள்ளினார்கள். யார் அவள், இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள் என்று ஒரே கூச்சல்.

மறுநாள் மனைவி டீயைத் தொடவில்லை.

"பாப்பா வந்தா. திரும்பவே மாட்டேங்கிறா. சுத்திக்கிட்டு முன்னாடி போய்ப் பாத்தேன். அங்கயும் முதுகுதாங்க இருக்கு." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "என்ன பண்ணி வச்சீங்க?"

படத்தைக் காட்டினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் குளிக்கப் போனாள்.

அந்த முதுகைத் தாங்க முடியாமல், அடுத்த விடுமுறை நாளில் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வரைங்க. முகத்தை வரைங்க. நான் சொல்றேன்."

நெற்றி அவருடையது. மூக்கு அவள் தம்பியுடையது. மோவாயில் சின்னதாக ஒரு குழி. போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அவருடைய மந்தம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கைகொடுத்தது. சாயங்காலம் அவள் திரையைத் தொட்டு, "இவதாங்க" என்றாள். வளர்ந்த மகளை முதன்முதலாகப் பார்த்த அப்பா குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஆற்றங்கரைப் பெண்ணைச் சிரித்தபடி திரும்ப வைத்து, அப்போதே வெளியிட்டார்.

மறுநாள் அவரே டீ போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"திரும்பினாளா?"

"திரும்பினா. அவளேதான். சிரிச்சா." குரலில் சந்தோஷமே இல்லை. "ஆனா என்னைப் பாத்து இல்லீங்க. குறுக்க போய் நின்னேன். கண்ணு என்னைத் தாண்டிப் போகுது. யாரைத்தான் பாக்கறான்னு நானும் திரும்பினேன். இருட்டுல முழுக்க ஆளுங்க. நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. ஒருத்தரும் பேசல. அவளையே பாக்கறாங்க."

ராக்கெட் படத்தைத் திறந்தார். மகள் திரையிலிருந்து நேராக அவரையே, படிக்கிற எல்லோரையுமே, பார்த்தாள். ஓரத்தில் அம்மாவின் தோள் மட்டும் தெரிந்தது. படத்தில் இருக்கும் முகம், பார்க்கிற ஆளையே பார்க்க வேண்டும் என்பது பலகைத் தொழிலின் பாடம். கை அவரைக் கேட்காமலே அதைச் செய்திருந்தது. உயிரோட்டமாக இருக்கட்டும் என்று ஒரு காலை வேறு முன்னால் எடுத்து வைக்க விட்டிருந்தார்.

"நான் முழிக்கும்போது நடந்து அவங்களுக்குள்ள போயிட்டா" என்றாள் மனைவி.

அன்று கடைக்குப் போகவில்லை. பெண்ணை அம்மா பக்கம் திருப்பினார், அம்மாவின் கையைப் பிடிக்க வைத்தார், வாசகர்களுக்குக் கண்ணின் ஓரம்கூடத் தெரியாமல் மறைத்தார். அவள் படத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் கட்டிலை விட்டு எழுந்திருக்காமலே சொன்னாள். "ஆறு இருக்கு. நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன். அவ இல்லீங்க. அவங்களும் இல்ல. எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க."

அவர் கைப்பேசியை எடுத்தார். தொடரின் கீழே கருத்துகள் குவிந்து கிடந்தன. இந்தப் பொண்ணு நேத்து என் கனவுல வந்தா, என்று ஒருவர். எனக்கும்தான், என்று இன்னொருவர். அதற்குக் கீழே, அதற்கும் கீழே, எங்கெங்கோ இருப்பவர்கள். எங்க வீட்டு வாசல்ல நின்னு வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல, என்று ஒருவர் எழுதியிருந்தார்.

மறைக்கப் பார்த்தார். அதற்குள் அவள் கைப்பேசியை வாங்கிவிட்டாள். முழுவதையும் படித்தாள். பிறகு முகம் தெரியாத அந்த ஆட்களுக்கு, ஒருவர் விடாமல், பதில் எழுத ஆரம்பித்தாள்: "இன்னைக்கும் வந்தா, அம்மா தேடுறான்னு சொல்லுங்க."