அப்பாவுக்குக் காட்டிய பாறைக்குழம்பு

எழுபதுகளில் சென்னையில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஊரில் அதை வேறு மாதிரி சொன்னார்கள். "எம்எஸ்சி படிச்சிட்டு ஜெல்லி கிண்டுதாம் அந்தப் பொண்ணு" என்று மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் என் காதுபடவே சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு மேலே எப்படி ஏறுகிறது என்று யாரும் நேரில் போய்ப் பார்த்துவிட முடியாது. அதனால் கண்ணாடித் தொட்டியில் ஜெலட்டினைக் காய்ச்சி ஊற்றி உறைய வைப்போம். அதுதான் பாறை. அடியிலிருந்து ஊசியால் சிவப்புச் சாயத் தண்ணீரை ஏற்றினால், ஜெலட்டின் பிளக்கும். பிளவு கத்தி நிறுத்தியது போல மேலே ஏறும். மேலடுக்கைக் கெட்டியாக ஊற்றியிருந்தால் அங்கே முட்டி, பக்கவாட்டில் படரும். நாள் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்கு இதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். ஆயுசு முழுக்க உப்பளத்தில் உப்பு வாரியவர். அந்த வெள்ளை வெளிச்சம் அவர் கண்ணைத் தின்றுவிட்டது. புதுச்சேரி டாக்டர், "நரம்பு போய்க்கிட்டே இருக்குது, ஆபரேஷன் பண்ணாலும் பிரயோஜனம் இல்லைங்க" என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "சுத்தமா போறதுக்குள்ள நீ இன்னா வேல பண்றன்னு எனக்குக் காட்டிடும்மா. ஊர்ல கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த லீவுக்குச் சின்னத் தொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஜெலட்டின் எங்கே உறையப் போகிறது! மீன் வியாபாரியிடம் ஐஸ் வாங்கி, அண்டாவில் உடைத்துப் போட்டு, நடுவில் தொட்டியை இறக்கிச் சாக்கால் மூடினேன். காலையில் சாக்கை விலக்கினால் தொட்டி முழுக்க ஒரே வெள்ளை. ஜெலட்டின் கல்லாக இறுகி, கலங்கி, ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

அப்பா பக்கத்தில் குந்தி முகத்தைக் கொண்டுபோனார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வெள்ளையாத் தெரியுதேம்மா. அவ்ளோதானா? போயிடுச்சா?"

"இல்லப்பா, ஜெலட்டின்தான் வெளுத்துப் போச்சு" என்றேன் அவசரமாக. ஐஸை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு. எங்கள் பக்கத்தில் ஐஸைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. மீன் கெடக் கூடாதென்று உப்பை அள்ளிப் போட்டுப் பழக்கம். அப்படிப் போட்டால் குளிர் தாறுமாறாக ஏறி ஜெலட்டினே ஐஸ் கட்டிவிடும். மகளுக்கு உதவி செய்கிறேன் என்று அப்பாதான் போட்டிருக்கிறார்.

அம்மா பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். "கண்ணு போவலய்யா, உன் அறிவுதான் போயிடுச்சு! யாரு உன்ன உப்பு போடச் சொன்னது?" அப்பா திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தார். "அப்பாடா, ஜெல்லிதானா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொண்டுவந்த ஜெலட்டின் அதோடு தீர்ந்தது, லீவும் தீர்ந்தது. மழைக்காலம் முழுக்க என்னால் வர முடியவில்லை. தை பிறந்துதான் மறுபடியும் தொட்டியோடு வந்தேன். அப்பா வாசற்படியில் காலை இடித்துக்கொண்டு, "இந்தப் படிய யாரு ஒசரமாக்கினது?" என்று எரிந்து விழுந்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

இந்த முறை அண்டாவைவிட்டு நான் நகரவே இல்லை. ஜெலட்டின் கண்ணாடியாக உறைந்தது. தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல்கூடத் தெரிந்தது. அப்பாவை எதிரில் உட்கார வைத்து ஊசியை அழுத்தினேன். சிவப்பு, கத்தி போல நிமிர்ந்து ஏறியது.

"தெரியுதாப்பா?"

அப்பா மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னிக்கும் யாராச்சும் உப்பு போட்டுட்டாங்களா? வெள்ளையா கீதே."

நான் ஊசியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற அம்மா சொன்னாள்: "நான்தான்யா போட்டேன். பழக்க தோஷம்."

"அறிவு இருக்குதாடி உனக்கு? பொண்ணு எவ்ளோ தூரத்துல இருந்து தூக்கினு வந்திருக்குது!" அப்பா கத்தினார். எதிர்ப்பேச்சு பேசாமல் ஒரு நாளும் இருந்திராத அம்மா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாள். தொட்டிக்குள் சிவப்பு மேலடுக்கில் முட்டி, இரண்டு பக்கமும் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அதை அம்மாவும் நானும்தான் பார்த்தோம்.