கம்பெனி இல்லாத விமானம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நாச்சாரம் மைதானத்தில் காலையில் நடக்கப் போனபோது பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் கேட்டதில்லை. ஒல்லியான மனிதர், தலையில் வெளுத்துப்போன தொப்பி. தெர்மகோலில் தானே செய்த குட்டி விமானத்தை ரிமோட்டால் பறக்க விடுவார். அதற்குமுன் விரலை நாக்கில் நனைத்துக் காற்றுக்கு நீட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் போலீஸ்காரர் வந்தார். "பதிவு நம்பர் எங்கே? எந்தக் கம்பெனி விமானம்?"

"நானே செஞ்சது சார். கம்பெனி பேர் இல்லாம பதிவாக மாட்டேங்குது."

"அப்போ நக்கோ, வேண்டாம். பறக்க விடாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கைக்கு? ஏன் விடக்கூடாது? நாலு பெத்தேன், எந்தக் கம்பெனின்னு எவனும் கேக்கலையே!"

"உங்க பிள்ளைங்க ஆகாசத்துல சுத்தலையேம்மா" என்று போலீஸ்காரர் சிரித்தார்.

சில நாள் கழித்து அந்தத் தொப்பிக்காரர் கடையில் வாங்கிய விமானத்தோடு வந்தார். இறக்கையில் நம்பர் ஒட்டியிருந்தது. விரலை நனைக்கவே இல்லை.

"உங்க விமானம் எங்கே?"

"அலமாரி மேல இருக்கும்மா."

"விட்டுட்டீங்களா? சண்டை போட வேண்டாமா?"

"எனக்கு ஏதாவது ஒண்ணு பறக்கணும்மா" என்றார்.

கோபம் சட்டத்தின்மேலா, அவர்மேலா, இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பேத்தி, நான் எழுதிய இதை எனக்கே ஒருமுறை வாசித்துக் காட்டு. கோபம் குறைவாகத் தெரிந்தால் சொல், இன்னும் எழுதுகிறேன்.