மச்சாளுக்கு நான் சொன்ன வர்ணனை

அண்ணை மூன்றாவது கதிரையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினியில் அதுவரை இரண்டு கதிரைகள்தான். ஒன்று அவருக்கு, மற்றது தங்கச்சியான எனக்கு. கோடை முழுக்கப் பின்னேரங்களில் அவற்றில் இருந்துதான் எங்கள் நகரத்து பேஸ்போல் அணி தோற்பதை வானொலியில் கேட்போம். புதுக் கதிரை அண்ணையின் மனைவிக்கு. மச்சாள் பருத்தித்துறையிலிருந்து அண்ணை போட்ட ஸ்பொன்சரில் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. எங்களுடைய இரண்டையும்விட அது நல்ல கதிரை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அண்ணைக்கும் எனக்கும் பேஸ்போலில் ஒத்துப்போனது குறைவு. சாதனைப் பட்டியலில் பெயர் இல்லாதவனை அவர் ஆட்டக்காரனாகவே மதிக்கமாட்டார். எனக்கோ, தோற்கிற அணியில் இருந்துகொண்டும் நன்றாக ஆடுகிறவன்தான் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன். அப்படிப்பட்டவனுக்கு விருது கொடுக்காத பத்திரிகைக்காரர்களை நான் திட்டாத வருடமில்லை. வர்ணனையிலும் இதே கதைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆங்கில வர்ணனையாளர்களை அவர் புகழ்வார். நான் எங்கள் பிரெஞ்சு வானொலிக்காரரை விட்டுக்கொடுக்கமாட்டேன். பந்து உயரப் போனால் அந்த மனிதரின் குரலும் கூடவே போகும். பருவம் முடிகிற நாளில் ஆளுக்கொரு துண்டில் எங்கள் சொந்த விருதுகளை எழுதிவைப்போம். உண்மையான விருதுகள் அறிவிக்கப்பட்டதும் துண்டுகளைப் பிரித்துப் பார்ப்போம். அதிகம் பிழைவிட்டவர் நண்டு போட்டுக் கூழ் காய்ச்ச வேண்டும். சிறந்த வர்ணனையாளர் யார் என்பதற்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, சண்டைதான். அந்தச் சண்டைக்காகவே நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன்.

மச்சாள் ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அண்ணை மேசையில் கோப்பைகளை வைத்து மைதானம் காட்டினார். நான் இந்த விளையாட்டைப் பழகிய காலத்தில் "கேட்டுக்கொண்டிரு, விளங்கும்" என்று சொன்ன அதே மனிதர். இரண்டு மாதத்தில் மச்சாள் கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு ஆட்டக்காரனின் கணக்கையும் எழுதத் தொடங்கினார். அண்ணை அந்தக் கொப்பியை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இத்தனை வருடம் வாயால் கத்தியதற்குப் பதிலாக நானும் ஒரு கொப்பி வைத்திருக்கலாமே என்று வயிறு எரிந்தது.

பிறகு அண்ணைக்கு வைத்தியசாலையில் பின்னேர வேலை வந்தது. மச்சாளுக்குப் பிரெஞ்சு தெரியாது. வானொலிக்காரர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது.

எறிபவர் நாலு பந்தை எட்டாத இடத்தில் எறிந்தால், அடிப்பவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அந்த ஆண்டு ஓர் அடிப்பவருக்கு எல்லோரும் பயந்து வேண்டுமென்றே அப்படி எறிந்தார்கள். அவர் நடந்த நடையே ஒரு சாதனையாகிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய மரியாதை அந்த விளையாட்டில் இல்லை. மச்சாளிடம் நான் மாற்றிச் சொன்னேன். அடிக்கத் தெரியாதவனைப் பாவம் பார்த்து நடக்க விடுகிறார்கள் என்றேன். அவர் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். பேச்சு அந்த அடிப்பவரிடம் போனது. மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு நின்றபடி, "அவர் என்ன பெரிய ஆளே? பாவம் பாத்தெல்லோ நடக்க விடினம்" என்றார். வீடே சிரித்தது. அண்ணையின் முகம் சுருங்கிப்போனது. ஆர் சொன்னது என்று கேட்டார். மச்சாள் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் அப்பிடி நினைச்சனான்."

அதற்குப் பிறகாவது என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. இனி இவர் என்னைவிட நல்லவரும்கூட என்று இன்னும் கூடியது.

அணி நகரத்தைவிட்டே போகப்போகிறது என்று முடிவான பருவம் அது. கடைசியாகத் துண்டுகளைப் பிரித்தபோது மூன்று இருந்தன. மச்சாளின் துண்டை அண்ணைதான் உரக்க வாசித்தார். சிறந்த வர்ணனையாளர் என்ற இடத்தில், "மச்சாள்" என்று எழுதியிருந்தது. அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். இந்தமுறை சண்டையே வேண்டாம், விருது உனக்குத்தான் என்று என் தலையில் தட்டினார். அவர் அப்படித் தட்டி எவ்வளவோ காலம்.

அண்ணை வெளியே போனபிறகு மச்சாள் கூழுக்கு நண்டு கழுவிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அண்டைக்கு எல்லாரும் சிரிக்கேக்கை நீங்கள் சிரிக்கேல்லை மச்சாள். உங்களுக்கு மனசு கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

இப்போது அவர்கள் பக்கத்து ஊரான லவாலில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். விருதுக் காலம் வந்தால் இருவரும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, யாருடைய கட்சி என்று கேட்பார்கள். நான் மச்சாளின் கட்சியிலேயே சேர்ந்துவிடுவேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். அன்றைக்கு நான் சிரிக்காமல் இருந்தது அண்ணை கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில். அதை மச்சாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.